ஜிஞ்ஜா ஏரிக்கரையில் இருபத்தாறு நாள்: கொசுவலை, மாத்திரை, வீடு திரும்பிய பின் வந்த காய்ச்சல்

கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவதுதான் பதினோரு வருடமாக என் பயணம். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். போன ஆகஸ்டில் எங்கள் இயந்திரம் ஒன்று உகாண்டாவுக்குக் கப்பலேறியது. விக்டோரியா ஏரிக்கரையில் ஜிஞ்ஜா என்று ஓர் ஊர். அங்கே அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டி, முதல் தொட்டிகளைச் சோதித்துக் கொடுத்துவிட்டு வர இரண்டு பேர் போக வேண்டும் என்றார்கள். பொருத்துவதற்கு ஃபிட்டர் அருள்தாஸ். சோதிப்பதற்கு நான். செப்டம்பர் கடைசியில் கிளம்பி, இருபத்தாறு நாள் அங்கே இருந்து, அக்டோபரில் திரும்பினோம்.

அருள்தாஸ் எளாவூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவர் ஐடிஐ படித்து ஃபிட்டர் ஆனார். அவர் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள். பாஸ்போர்ட் வந்த அன்று அதை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் பிரிவில் எல்லோருக்கும் காட்டினார்.

முதலில் ஊசி. உகாண்டாவுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு அதற்கான மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலும் தனியாக நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். ஆகையால் கடைசி வாரம்வரை தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் மூன்று வாரம் முன்னதாகவே போனோம். காலை 5:50 லோக்கல் ரயில், சென்ட்ரலுக்குப் பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டி மாறி கிண்டி. அரசு மையத்தில் சில நாட்களில் மட்டும், அதுவும் காலையில் மட்டும்தான் போடுகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசிக்கு முந்நூறு ரூபாய் வாங்கினார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கே இருந்த டாக்டரம்மா எங்கள் பயணச் சீட்டைப் பார்த்துவிட்டு, மலேரியாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்ஸிசைக்ளின். தினம் ஒன்று. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது, மலேரியாவுக்கு எங்களுக்குப் போட ஊசி இல்லை, மாத்திரையும் வலையும்தான் என்றார்.

"கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிங்க. அங்க இருக்கற நாளெல்லாம் சாப்பிடுங்க. திரும்பி வந்து நாலு வாரம் சாப்பிடணும்."

"வந்தப்புறம் நாலு வாரமா? அங்க இருக்கறதே நாலு வாரம் கெடையாதே மேடம்" என்றார் அருள் அண்ணா.

"கிருமி மொதல்ல கல்லீரல்ல போய் உக்காந்துக்கும். ரத்தத்துக்கு வர நாளாகும். அது வெளிய வர்றப்போ மாத்திரை ரத்தத்துல இருக்கணும். இல்லன்னா இவ்ளோ நாள் சாப்பிட்டதெல்லாம் வீண்."

அண்ணா தலையாட்டினார். ரயிலில் திரும்பும்போது மீஞ்சூர்வரை தூங்கினார். எழுந்ததும், "ஊசி போட்ட எடம் வலிக்கவே இல்ல கோமதி, தண்ணி கிண்ணி குத்திட்டாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சென்னையிலிருந்து அடிஸ் அபாபா ஆறு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, என்டெபேவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். என்டெபேயிலிருந்து ஜிஞ்ஜா நூற்று இருபது கிலோமீட்டர்தான், ஆனால் கம்பாலா நகர நெரிசலில் நான்கரை மணி நேரம் ஆகிவிட்டது. எங்களை அழைக்க வந்த ஓட்டுநர் ரொனால்ட். மெதுவான ஆங்கிலம் பேசுவார், நாங்களும் அதைவிட மெதுவான ஆங்கிலம் பேசினோம். வழியெல்லாம் சிவப்பு மண், வாழைத்தோப்பு, கரும்பு, தேயிலை. பின் சீட்டில் சாய்ந்தபடி பார்த்தபோது, சாலை நகர்கிறதா நான் நகர்கிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம். பாதி தூக்கத்தில் ஒரு காடு வந்து போனது. மழை பெய்துகொண்டே வெயிலும் அடித்தது.

தங்குமிடம் ஏரியை ஒட்டிய ஓர் ஓட்டு வீடு, தொழிற்சாலைக்கு ஒன்றரை கிலோமீட்டர். கட்டிலுக்கு மேல் விட்டத்திலிருந்து வட்டமான வெள்ளை வலை தொங்கியது. அவிழ்த்து மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டால், அறைக்குள் இன்னொரு சின்ன அறை. ஏரிக் காற்று வந்தால் வலை உள்வாங்கும், பிறகு மெல்ல உப்பும். தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பது போல இருக்கும். இருபத்தாறு நாளும் நான் அவ்வளவு நன்றாகத் தூங்கினேன். வலையை முதல் நாளே டார்ச் அடித்துப் பாருங்கள். என் வலையில் கைவிரல் நுழையும் ஓட்டை மூன்று இருந்தது. ஊசி நூல் கொண்டு போயிருந்தேன், தைத்துக்கொண்டேன். மருந்து தோய்த்த வலைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணி எங்கள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு, கைக்குட்டை, காலுறை, உள்ளாடைவரை ஒன்று விடாமல் இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பார். அருள் அண்ணாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகுதான் காரணம் தெரிந்தது. அங்கே ஒரு வகை ஈ, வெளியே காயும் ஈரத் துணியில் முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டி போல வீங்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் முட்டை செத்துவிடும். அன்றிலிருந்து அண்ணா தன் பனியனுக்குத் தானே இன்னொரு தடவை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

மாத்திரையைக் காலை நாஷ்டாவுக்குப் பிறகுதான் போட வேண்டும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல். எங்கள் நாஷ்டா தெருமுனையில் கிடைத்த 'ரோலக்ஸ்'. கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டை ஆம்லெட் வைத்துச் சுருட்டியது. இரண்டாயிரம் ஷில்லிங், நம் காசுக்கு ஐம்பது ரூபாய்க்குள். இந்த மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும். எனக்குக் கை சிவந்துவிட்டது. வெயில் களிம்பை முதலில் தடவி, அது காய்ந்த பிறகு மேலே கொசுக் களிம்பு. வரிசை மாறக் கூடாது.

இனி அந்த மாலைகளைச் சொல்ல வேண்டும்.

வேலை ஐந்து மணிக்கு முடியும். ஐந்தேமுக்காலுக்கு ஏரிக்கரையில் இருப்போம். கடல் என்றுதான் கண் நம்பும், ஆனால் உப்பு வாடை இருக்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், அதன் ஓரத்திலிருந்து நைல் ஆறு ஓசையில்லாமல் கழன்று போய்க்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் போனோம், ஒரு மணி நேரம், இருவருக்கும் சேர்த்து அறுபதாயிரம் ஷில்லிங். ஏரி எங்கே முடிந்து ஆறு எங்கே தொடங்குகிறது என்று படகோட்டி காட்டினார். தண்ணீரில் ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, தொலைவில் ஏரியின் மேல் கரும்புகை எழுந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து தூண்கள். கப்பல் ஏதோ தீப்பிடித்துக்கொண்டதோ என்று எழுந்து நின்றுவிட்டோம். ரொனால்ட் சிரித்தார். அத்தனையும் பூச்சி. ஏரிக்குள் பிறந்து, ஒரே நாளில் கோடிக்கணக்கில் மேலெழும் சின்ன ஈக்கள். காற்று திரும்பி எங்கள் பக்கம் வந்தபோது தூண்கள் கரைந்து, சட்டையெல்லாம், தலைமுடியெல்லாம் மெல்லிய இறகுகள். வாயைத் திறக்க முடியவில்லை. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஆறரை மணி வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பொன்னாக இருந்தது.

"இது ஒன்றும் செய்யாது. செய்கிற கொசு இப்படிக் கூட்டமாக வராது. தனியாக வரும், சத்தமும் போடாது" என்றார் ரொனால்ட். அவருக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது மலேரியா வருமாம். நான் பதறியதைப் பார்த்து, "காய்ச்சல் அடித்தால் நாங்கள் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அன்றைக்கே விரலைக் குத்தி ரத்தம் கொடுத்துவிடுவோம்" என்றார், ஏதோ பஸ் ஏறுவதைச் சொல்வது போல.

நம் ஊர் டெங்குக் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு பொழுது சாயும்போது கிளம்பி விடியும்வரை கடிக்கும். இது எனக்குத் தெரியும். கிளம்பும் முன் படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்க மிக அழகான நேரம் எதுவோ, அதேதான் அந்தக் கொசுவின் நேரம். நான் முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டு, களிம்பு தடவி உட்கார்ந்திருந்தேன். அருள் அண்ணா பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, இருட்டும்வரை அசையாமல் இருப்பார்.

"அண்ணா, களிம்பு?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"பிசுபிசுன்னு பேஜாரா கீது கோமதி. மாத்திரதான் போட்டுகினு கீறோமே."

பிறகு கேட்கவில்லை. அந்த அமைதியில் அதைச் சொல்லிக் கெடுக்க மனம் வரவில்லை. அது என் தப்பு. அவரைவிட எனக்கு விவரம் தெரியும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

இயந்திரம் ஒழுங்காக ஓடியது. சென்னையில் இறங்கியதும் சுகாதார மேசையில் மஞ்சள் அட்டையைப் பார்த்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வரும் வண்டியில் அண்ணா மாத்திரை அட்டையைக் காட்டிச் சொன்னார்: "இத்தோட முடிஞ்சிச்சி. ஊரு வந்தாச்சு. வயிறு எரியுது, இனிமே தாங்காது."

"நாலு வாரம்னு சொன்னாங்களே."

"அங்கதான கொசு."

நான் மறுபடி ஒரு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த பதினான்காம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மழை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த நேரம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளும் வராதபோது போன் செய்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா எடுத்தார்.

"குளிரு தூக்கித் தூக்கி அடிக்குதுமா. மூணு போர்வ போத்தியும் நிக்கல. அப்புறம் வேர்த்து ஊத்துது. டாக்டராண்ட போனோம், டெங்கு டெஸ்ட்டு எடுத்தாங்க, இல்லன்னுட்டாங்க. வைரல் ஜொரம்னு மாத்திர குடுத்துகிறாங்க."

"உகாண்டா போனதச் சொன்னீங்களா அக்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "வெளியூரு போனீங்களான்னு டாக்டரு கேட்டாரு. இவரு இல்லன்ட்டாரு. என்னியும் சொல்லக்கூடாதுன்னாரு."

போனை வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பினேன். நடந்தது முழுக்க என் மனதில் அடுக்காக வந்து நின்றது: சுருட்டிய பேன்ட், பாதியில் விட்ட மாத்திரை, பதினான்கு நாள். அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது.

"ஏண்ணா சொல்லல?"

"புது நோவு கொண்டாந்துட்டான்னு சொல்லுவாங்க" என்றார். குரல் தேய்ந்து வந்தது. "கொரோனா அப்போ என் மச்சான் ஊட்டுக்குத் தகரம் வெச்சி அடிச்சாங்க. ஒருத்தனும் தண்ணி குடுக்கல. ஊர்லயே மொத மொதல்ல ஃபாரின் போனவன் நானு. நோவோட வந்தான்னு பேரு வாங்கணுமா?"

ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றிருந்தார். "பேராம் பேரு! ஏந்திரு!" என்று ஒரே அதட்டல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். ஓட்டுநர் வேறு யாரையும் ஏற்றாமல் நேராகக் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கு விட்டார், ஏழு கிலோமீட்டர், இருபது நிமிடம். சீட்டு எழுதும் இடத்திலேயே சொன்னேன்: "இவரு உகாண்டாலேர்ந்து வந்து பதினாறு நாள் ஆகுது. மலேரியா மாத்திரைய பாதியில விட்டுட்டாரு." எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம் எல்லாம் வேகம். விரலைக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ஃபால்சிபாரம். மலேரியாவில் ஆளைக் கொல்லும் வகை. அங்கேயே முதல் ஊசி போட்டு, 108 வண்டியில் சென்னையில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வண்டியில் ஒன்றரை மணி நேரம். மழை. அண்ணா கண்ணை மூடியபடி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். தண்ணீர், பொன், அந்தக் கரை. ஸ்டெல்லா அக்கா அவர் நெற்றியில் கை வைத்தபடி என்னைக் கேட்டார்: "நெசமாவே அவ்ளோ நல்லா இருக்குமா அந்த ஏரி?"

"ஆமாக்கா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் யாரிடமும் தெளிவாகப் பேசவில்லை. சிறுநீர் கறுப்பாகப் போனது. மூன்றாம் நாள் காலை கண் திறந்து, இட்லி கேட்டார். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். முதலில் பார்த்த டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் சரியான கேள்வியைக் கேட்டார், சரியான பதில் கிடைக்கவில்லை.

வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள். முழுக்கைச் சட்டை, வெளிர் நிறத்தில் நான்கு. டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு. வலை, ஊசி நூல். போகும் நாட்டுக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சாப்பிட்டதை நீங்கள் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது கொடுப்பதில்லை. திரும்பி வந்த பிறகு சாப்பிட வேண்டியதையும் கணக்குப் போட்டு மொத்தமாக வாங்குங்கள். வயிறு எரிந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. திரும்பி வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் போன நாட்டைச் சொல்ல வேண்டும். நான் என் மாத்திரையை இருபத்தெட்டாம் நாள்வரை சாப்பிட்டேன். நெஞ்செரிச்சலோடுதான்.

இன்னொன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. நம் ஊர்க் கொசு அருள் அண்ணாவைக் கடித்து அடுத்தவரைக் கடித்தால், நோய் இங்கேயே பரவும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சுகாதாரத் துறை ஆட்கள் அவர் தெருவுக்கு வந்து, மருந்தடித்து, சுற்றியுள்ள வீடுகளில் ரத்தம் எடுத்தார்கள். பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. அவர் பயந்த பேச்சும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் மறுபடி வந்த அன்று நான் அண்ணாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஒன்பது கிலோ இளைத்திருந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரத்தம் எடுக்க வந்த பெண்ணோடு வாசலை விட்டு இறங்கினார். முதல் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

"அக்கா, நான் அருளு. ஆப்பிரிக்காலேர்ந்து மலேரியா கொண்டாந்தவன் நான்தான். மாத்திரய பாதில உட்டேன், டாக்டராண்ட பொய் சொன்னேன், சாவப் பாத்துட்டு வந்துகிறேன். பசங்களக் கூட்டியா, ஒரு சொட்டு ரத்தம் குடு."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்த கதவுக்குப் போனார். நாற்பத்தொரு வீடு, ஒன்று விடாமல். நடுவில் இரண்டு இடத்தில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். யாருக்கும் எதுவும் இல்லை என்று நான்கு நாளில் சொல்லிவிட்டார்கள்.

காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உட்கார்ந்ததும் நாட்டின் பெயரைச் சொல்லுங்கள்.